‘சிறுவயதிலிருந்தே’: மோட்டிவேஷன் லெட்டர் என்னும் புனைவு

இலக்கியப் பத்திரிகைகளில் யாரும் மதிப்புரை எழுதாத ஓர் உரைநடை வடிவம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் அதை எழுதுகிறார்கள். ஒவ்வொன்றையும் படிப்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான். ஆனால் அவர்கள் படித்து முடித்ததும் ஒரு வாழ்க்கை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திரும்பிவிடும். அமெரிக்கா போகிறவர்கள் அதை ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ் என்கிறார்கள், ஜெர்மனி போகிறவர்கள் மோட்டிவேஷன் லெட்டர் என்கிறார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தை ஏன் தேர்ந்தெடுத்தாய், எங்கள் நாட்டுக்கு ஏன் வருகிறாய், எங்கள் மொழியை ஏன் கற்கிறாய் என்ற கேள்விகளுக்கு ஒன்றிரண்டு பக்கத்தில் பதில் சொல்ல வேண்டும்.

சென்னையில் கோட் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஊர் வந்தவாசிப் பக்கம். “அண்ணா, ஒரு தடவ படிச்சுப் பாத்து சொல்லுங்கண்ணா” என்று ஊர்த் தம்பி தங்கைகள் இந்தக் கடிதங்களை எனக்கு அனுப்புவதுண்டு. இலக்கணம் பார்க்கத்தான் தருகிறார்கள். ஆனால் சிறுகதை படித்துப் பழகிய கண் சும்மா இருக்குமா? நாலைந்து கடிதம் படித்ததுமே இது ஒரு தனி இலக்கிய வகைமை என்று தெரிந்துவிட்டது. இதற்கென்று மரபு உண்டு, விலக்கப்பட்ட சொற்கள் உண்டு, தேய்ந்துபோன உவமைகளும் உண்டு.

முதல் வரி பெரும்பாலும் ‘சிறுவயதிலிருந்தே’ என்று தொடங்கும். சிறுவயதிலிருந்தே இயந்திரங்கள் மீது ஆர்வம், சிறுவயதிலிருந்தே ஜெர்மானியப் பொறியியல் மீது மதிப்பு. இரண்டாம் பத்தியில் ஒரு ரேடியோவோ மிக்ஸியோ கழற்றப்படும். மூன்றாவதில் கல்லூரி புராஜெக்ட். நான்காவதில் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒரு பேராசிரியர் பெயர், அவருடைய ஆய்வின் மேல் தீராத பற்று. கடைசியில் மொழி: கோதேயின் நாட்டை அதன் மொழியிலேயே அறிய விரும்புகிறேன்.

இந்த வகைமையில் ஒரு சொல்லுக்கு இடமே இல்லை. அது பணம்.

“அண்ணா, அங்க ஃபீஸ் இல்ல, அதான் அப்ளை பண்றேன்னு எழுதலாமா?” என்று ஒரு தம்பி கேட்டான். எழுதக்கூடாது என்று அவனுக்கே தெரியும். கேட்டுவிட்டுச் சிரித்தான். ஒரு விமர்சகனாக எனக்கு அந்தச் சிரிப்பு முக்கியம். எழுதுகிறவனுக்கும் வாசிக்கிறவனுக்கும் பொய்யென்று தெரிந்த ஒரு பிரதி இரு தரப்பிலும் ஏன் இவ்வளவு அக்கறையோடு பேணப்படுகிறது?

பொய்க்குப் பின்னால் இருக்கும் நிஜத்தை முதலில் பார்த்துவிடுவோம். வந்தவாசி கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர். பக்கத்து ஆரணி பட்டுக்கு. நெசவு வீடுகளில் அடுத்த தலைமுறை தறியில் உட்காராது என்பது வீட்டிலேயே எடுக்கப்பட்ட பழைய முடிவு. காஞ்சிபுரம்–வந்தவாசி சாலையில் செய்யாறு சிப்காட் வந்தபிறகு, படித்து முடித்தால் தொழிற்சாலை வேன் வாசலுக்கே வரும் என்ற நிலை. அந்த வேனில் ஏறாமல் வேறெங்காவது போக வேண்டுமானால் நல்ல கல்லூரி வேண்டும். அந்த ‘நல்ல’வை யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குப் போடும் கட்-ஆஃப் முதலில் தீர்மானிக்கிறது. பிறகு பஸ். தினமும் போய்வர முடியுமா, ஹாஸ்டல் போட வேண்டுமா? ஆரணியை அடுத்த தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தால் செலவு குறையும். அடுத்தது முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்குமா என்பது. அதற்கும் அடுத்தது, தெருவில் ஏற்கெனவே அங்கே படித்த ஓர் அக்காவின் வாக்கு. “பிளேஸ்மென்ட் வருது, பயமில்லாம சேரு.” கலந்தாய்வு 2018 முதல் இணையவழிக்கு வந்துவிட்டதால், பிரவுசிங் சென்டர்காரரும் விருப்பப் பட்டியலின் இணை ஆசிரியர். இவ்வளவு பேர் சேர்ந்து எழுதிய முடிவுக்குத்தான் பின்னாளில் ‘என் தேர்வு’ என்று ஒற்றை ஆள் பெயர் போட வேண்டியிருக்கிறது.

மொழியும் இப்படித்தான். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்–வுர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கட்டணம் இல்லையென்றாலும், முதல் ஆண்டுச் செலவுக்கான பணத்தை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. நம் கணக்கில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். நகை, நிலம், கடன் மூன்றும் கலந்துதான் அது திரளும். 2023–24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் சுமார் 49,000 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே அதிகம். அத்தனை பேருக்கும் கோதே மீது ஒரே நேரத்தில் காதல் வந்துவிட்டதா என்ன? பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், பகுதிநேர வேலைக்கும் பின்னால் வரும் முழுநேர வேலைக்கும் ஜெர்மன் வேண்டும். நர்ஸிங் முடித்தவர்களுக்குப் பி2 நிலை இல்லாமல் அங்கே நர்ஸாகவே முடியாது. அதனால் படிக்கிறார்கள்.

மறைக்கப்படுவது பணம் மட்டுமில்லை. ஜப்பானிய மொழி படிக்கும் ஒரு தங்கை அனிமே பார்த்துத்தான் அதன் பக்கம் வந்தாள். கடிதத்தில் அதை எழுத வெட்கப்பட்டு, ‘ஜப்பானின் தொழில்நுட்ப ஒழுக்கம்’ என்று எழுதினாள். பணத்துக்காக வந்தவன் அன்பை நடிக்கிறான். அன்பினால் வந்தவள் கம்பெனிக்காரரைப் போலப் பேசுகிறாள். ஆக, இந்த வகைமை எந்த நோக்கத்தையும் உள்ளபடி தாங்காது.

இதற்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த ராபர்ட் கார்ட்னர், வாலஸ் லாம்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள், மாண்ட்ரியலில் பிரெஞ்சு படித்த ஆங்கிலம் பேசும் பள்ளி மாணவர்களை ஆராய்ந்து 1959இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மொழி கற்கும் நோக்கத்தை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, வேலை, பட்டம் போன்ற பயனுக்காகக் கற்பது. மற்றொன்று, அந்த மொழி பேசும் மக்களோடு ஒன்ற விரும்பிக் கற்பது. இரண்டாவது வகையினர் நன்றாகக் கற்கிறார்கள் என்பது மாண்ட்ரியலில் தெரிந்த முடிவு. 1972இல் அவர்கள் எழுதிய நூலுக்குப் பிறகு இந்தப் பாகுபாடு உலகமெங்கும் ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்களுக்குள் போனது. இன்று நம் கல்லூரிகளில் சுற்றுக்கு விடப்படும் ‘இந்த மொழியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்’ வகைக் கேள்வித்தாள்களுக்கு இதுதான் பாட்டன்.

அதே 1972இல் பம்பாயிலிருந்து யாஸ்மின் லுக்மானி ஓர் ஆய்வை வெளியிட்டார். மராத்தி பேசும், மேற்கத்திய வாழ்க்கைமுறைக்கு அதிகம் பழகாத வீடுகளைச் சேர்ந்த 60 பள்ளி மாணவிகளை எடுத்துக்கொண்டார். அங்கே முடிவு தலைகீழாக வந்தது. ஆங்கிலம் பேசுகிறவர்களோடு ஒன்றிப்போகும் ஆசை அந்தப் பெண்களுக்குப் பெரிதாக இல்லை. நல்ல வேலைக்கும் முன்னேற்றத்துக்கும்தான் அவர்கள் ஆங்கிலத்தை விரும்பினார்கள். அந்தப் பயன் நோக்கம்தான் அவர்களுடைய ஆங்கிலத் தேர்ச்சியோடு கூடுதலாகப் பொருந்தியது. கார்ட்னரும் லாம்பர்ட்டும்கூட பிலிப்பைன்ஸ் போய்ப் பார்த்தபோது இதற்கு நெருக்கமான ஒன்றைத்தான் கண்டார்கள். மாண்ட்ரியல் பையனுக்குப் பிரெஞ்சு வராவிட்டாலும் வீட்டில் சோறு இருந்தது. அன்பைத் தனியே எடுத்து அளக்க அந்த நிம்மதி வேண்டும்.

பிற்பாடு ஹங்கேரியரான ஸோல்டான் டோர்ன்யே இதைத் திருத்தினார். நான் ஆக விரும்பும் நான், நான் ஆகவேண்டும் என்று மற்றவர்கள் எதிர்பார்க்கும் நான் என்று இரண்டு பிம்பங்களைச் சொன்னார். முந்தையதைவிட நுட்பமான பார்வைதான். ஆனால் வந்தவாசிக்குக் கொண்டுவந்தால் இதுவும் தடுமாறும். “நல்ல வேலைக்குப் போய் வீட்டப் பாத்துக்கணும்” என்று ஒரு நெசவு வீட்டுப் பிள்ளை சொல்வதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? அது அவளுடைய ஆசையா, வீட்டாரின் எதிர்பார்ப்பா? அவளைப் பொறுத்தவரை அது ஒரே வாக்கியம். அதை இரண்டாக அறுத்தால் இரண்டு துண்டிலும் அவள் இருக்கமாட்டாள்.

வந்தவாசிக்கும் அந்நிய மொழிக்கும் வேறொரு பழைய தொடர்பும் உண்டு. 1760 ஜனவரி 22 அன்று அயர் கூட்டின் ஆங்கிலேயப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் மோதியது இங்கேதான். பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள். ஓராண்டில், 1761 ஜனவரி 16 அன்று, புதுச்சேரியும் விழுந்தது. பின்னால் அது பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தாலும், தென்னிந்தியாவை ஆளும் போட்டி வந்தவாசியோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் இங்கிலீஷ் மீடியம் போர்டு தொங்குவதற்கும் பிரெஞ்சு மீடியம் போர்டு தொங்காததற்கும் அந்த ஒரு நாள் சண்டையில் ஒரு வேர் இருக்கிறது. ஆங்கிலத்தை நாங்கள் ‘தேர்ந்தெடுத்தோம்’ என்று சொன்னால் கோட்டைச் சுவர்கூடச் சிரிக்கும்.

அந்தப் போர்க்காலத்தில் வாழ்ந்து அதே 1761 ஜனவரியில் இறந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. வியாபாரி. 1747இல் புதுச்சேரியின் தலைமை துபாஷியானார். இரண்டு மொழி தெரிந்தவர் என்பதுதான் துபாஷி என்ற சொல்லின் மூலப்பொருள். பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஊருக்கும் நடுவில் நிற்பது, சரக்கு பிடிப்பது, பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் தொழில். மொழி அவருக்கு முதலீடு. கார்ட்னர் கேள்வித்தாளை நீட்டியிருந்தால் சந்தேகமே இல்லாமல் ‘பயன் நோக்கம்’ என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கும்.

அவர் என்ன விட்டுப்போனார்? 1736 முதல் சாகும்வரை, இடையிடையே விடுபட்டாலும், தமிழில் எழுதிய நாட்குறிப்பு. கப்பல் வந்த சேதி, சரக்கு விலை, சகுனம், கவர்னர் தூப்ளேக்ஸோடு நடந்த உரையாடல், அவர் மனைவியின் சூழ்ச்சிகள், தன் எதிரிகள் மீதான எரிச்சல், தன்னைப் பற்றிய பெருமை எல்லாம் அதில் உண்டு. சாதிப் பெருமிதமும் உண்டு, அதை மறைத்துப் புகழ வேண்டியதில்லை. ஆனால் ஒரு பிரெஞ்சு கவர்னரின் கோபம் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பேச்சுவழக்கில் பதிவாகியிருப்பது அங்கேதான். செய்யுள்தான் எழுத்து என்று இருந்த காலத்தில், கணக்குப் பார்த்துப் பழகிய ஒரு கை தினசரி உரைநடையை எழுதிக்கொண்டிருந்தது. அந்த நாட்குறிப்பிலிருந்துதான் பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களைக் கட்டி எழுப்பினார். இரண்டாவதற்கு 1995இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. நாட்குறிப்பில் ஓரமாகக் கடந்துபோகும் சாமானியர்களுக்கு உட்கார இடம் போட்டுக் கொடுத்தது அந்த நாவல்களின் பலம். ஒரு வியாபாரியின் தொழில்மொழி இருநூறு ஆண்டு கழித்து நமக்கு இலக்கியமாகியிருக்கிறது. முதல் நாள் அவருக்கு என்ன நோக்கம் இருந்தது என்பதை வைத்து இதை யார் கணித்திருக்க முடியும்?

இதையே திருப்பிப் போட்டும் பார்க்கலாம். நம் மொழியைக் கற்க வந்தவர்களின் நோக்கம் என்ன? 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் தமிழ் படித்தது மதப் பணிக்காக. வீரமாமுனிவர் என்ற பெஸ்கியும் அதற்காகத்தான் இத்தாலியிலிருந்து வந்தார். ஜி.யு. போப்பும் அப்படியே. அனுப்பியவர்கள் இருந்தார்கள், செய்து முடிக்க வேண்டிய வேலை இருந்தது, அதற்கு மொழி தேவைப்பட்டது. பிறகு பெஸ்கி ‘தேம்பாவணி’ எழுதினார், 1732இல் சதுரகராதி தொகுத்தார். போப் 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் இருவருக்கும் சிலை வைத்தோம். சிலை திறந்த அன்று யாரும் அவர்களிடம் மோட்டிவேஷன் லெட்டர் கேட்கவில்லை. வேலைக்காகத் தொடங்கிய படிப்பு போன இடத்தைப் பார்த்து மரியாதை செய்தோம்.

அதே மரியாதை ஜெர்மன் படிக்கும் வந்தவாசிப் பையனுக்குக் கிடைப்பதில்லை. நான் கடிந்துகொள்வது பல்கலைக்கழகங்களை மட்டுமில்லை, நம் இலக்கிய வட்டத்தையும்தான். “இவங்க எல்லாம் விசாவுக்காகப் படிக்கிறாங்க சார், மொழி மேல ஒரு பற்றும் கிடையாது” என்ற பேச்சைக் கேட்காத இலக்கியக் கூட்டம் உண்டா? ரில்கேவுக்காக ஜெர்மன் படித்தவர் உயர்ந்தவர், ரூபாய்க்காகப் படித்தவர் மட்டம். மோட்டிவேஷன் லெட்டர் செய்கிற அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. பசித்தவன் பசியைச் சொல்லக்கூடாது என்கிறது. ஜாவாவை யாரும் அன்பினால் கற்பதில்லை. நானும் சம்பளத்துக்காகத்தான் கற்றேன். ஆனால் பத்து ஆண்டுக்குப் பிறகு, இன்னொருவர் எழுதிய கோடில் நல்ல வளைவு ஒன்றைக் கண்டால் ராத்திரி பதினொரு மணிக்கும் மனம் குளிர்கிறது. பழகப் பழக வரும் அந்தக் குளிர்ச்சி எந்த விண்ணப்பத்தின் முதல் பத்தியிலும் இருக்க வாய்ப்பில்லை.

அதற்காகத் தேவையிலிருந்து தொடங்கும் எல்லாப் படிப்பும் தானாக அன்பில் போய் முடியும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் முடிவதில்லை. அதற்குக் காரணம் பையனின் நோக்கம் மட்டமாக இருப்பதா, படிப்பு பரீட்சையோடு நிறுத்தப்படுவதா? ‘மூன்றே மாதத்தில் பி1’ என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்கள் எல்லா ஊரிலும் முளைக்கின்றன. அங்கே மொழி என்பது நான்கு தாள்: கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல். மாதிரி வினாத்தாளைத் தாண்டி ஒரு சிறுகதை, ஒரு பாட்டு, ஒரு செய்தித்தாள் கண்ணில் படாது. சான்றிதழ் வந்த மறுநாள் நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போகும். ஆனந்தரங்கருக்குத் துறைமுகம் இருந்தது, தினமும் பேசியாக வேண்டிய மனிதர்கள் இருந்தார்கள். பெஸ்கிக்கு ஊரும் புலவர்களும் ஓலைச்சுவடிகளும் இருந்தன. தேவை அவர்களை வாசல்வரை கொண்டுவந்தது. உள்ளே போக அங்கே ஒரு வீடு இருந்தது. நம் பிள்ளைகளுக்கு வாசல் மட்டும் விற்கப்படுகிறது.

இதில் இலக்கியத்துக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நேரடி நஷ்டம்தான். 1980இல் வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகக் காம்யுவின் ‘அந்நிய’னைக் கொண்டுவந்தார். ஏ.வி. தனுஷ்கோடி காஃப்காவின் ‘விசாரணை’யை ஜெர்மனிலிருந்து கொண்டுவந்தார். ஸ்ட்ராஸ்பூரில் வாழும் நாகரத்தினம் கிருஷ்ணா பிரெஞ்சிலிருந்து தொடர்ந்து மொழிபெயர்க்கிறார். இப்படிப்பட்ட பெயர்களை எண்ண இரண்டு கை விரல் தாராளம். மற்றதெல்லாம் ஆங்கிலம் வழியாகத்தான் வருகிறது. ஹைக்கூவை எடுத்துக்கொள்ளுங்கள். பாரதி 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியது ஆங்கிலம் வழியாகத் தெரிந்துகொண்டுதான். நூறு ஆண்டில் அந்த வடிவம் தமிழில் எவ்வளவு ஊன்றிவிட்டதென்றால், வந்தவாசிக்கே மு. முருகேஷ் என்ற ஹைக்கூ கவிஞர் உண்டு. 2021இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றவர். ஊரில் ஹைக்கூ இருக்கிறது. அதே ஊரிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானியக் கம்பெனி வேலைக்காக ஜேஎல்பிடி தேர்வு எழுதும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்திப்பதில்லை. பாஷோவை மூலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரப்போகும் ஆள், இப்போது என்4 தேர்வுக்குக் காஞ்சி எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கலாம். ‘உனக்கு மொழிப்பற்று இல்லை’ என்று நாம் முதல் நாளே சொல்லி அனுப்பிவிட்டால் அவர் நம் பக்கம் ஏன் வரப்போகிறார்?

எனவே கடிதத்தைக் காட்டி யோசனை கேட்கிறவர்களிடம் இப்போது நான் சொல்வது இவ்வளவுதான். ‘சிறுவயதிலிருந்தே’வை எடுத்துவிடு. பல்கலைக்கழகம் கேட்பதற்குத் தேவையான அளவு பதில் எழுது, அது சடங்கு, செய்துவிட்டுப் போ. ஃபீஸ் இல்லாததால் போகிறேன் என்பதில் வெட்கப்பட ஒன்றும் கிடையாது. உன்னிடமே மட்டும் அதைப் பொய்யாகச் சொல்லிக்கொள்ளாதே. பி1 வந்தபிறகு நோட்டைப் போட்டுவிடாதே. வாரத்துக்கு ஒரு பக்கம், பாடப்புத்தகத்தில் இல்லாத ஏதாவது ஒன்றை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. பிடித்த பத்தியை உன் தமிழில் எழுதிப் பார்.

இதைப் படிக்கும் உங்களிடமும் ஒன்று. வெளிநாட்டு மொழி படிக்கும் தம்பியோ தங்கையோ அடுத்த முறை உங்களைப் பார்க்க வந்தால், ஏன் அந்த மொழியை எடுத்தாய் என்று கேட்காதீர்கள். அதற்கான தயாரித்த பதில் அவர்கள் பையில் எப்போதும் இருக்கும். இந்த வாரம் அதில் என்ன படித்தாய், எங்கே ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டாய் என்று கேளுங்கள். அந்த வாக்கியத்தைத் தமிழில் எப்படிச் சொல்வதென்று இருவரும் சேர்ந்து ஒரு மணிநேரம் சண்டை போடுங்கள்.